இடைவெளிக்குக் காசு வாங்காதவன்

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண். பெருமைக்காகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கணக்கு வராதவன் ஒரு வேலைக்கு விலை சொல்லுமுன் பயந்துபோய் நாலு பேரைக் கேட்பான். கணக்கு வருகிறவன் யாரையும் கேட்க மாட்டான். தனியாக உட்கார்ந்து, துல்லியமாகத் தப்புச் செய்வான்.

எட்டு வருடத்துக்கு முன்னால், பழங்காநத்தத்தில் பைக் ஷோரூம் ஒன்றில் பார்த்துவந்த வேலையை உதறிவிட்டுத் தொழிலதிபர் ஆனேன். மரவேலி, மரத்தளம் இவற்றைக் கழுவிச் சுத்தம் செய்து சாயம் ஏற்றித் தரும் தொழில். (மதுரையில் எத்தனை வீட்டில் மரவேலி இருக்கிறது என்று கேட்காதீர்கள். தொடங்குமுன் நானும் கேட்கவில்லை.) விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ‘நிர்வாக இயக்குநர்’ என்று போட்டுக்கொண்டேன். நான் நிர்வகிக்க இருந்தவை: வண்டி கழுவும் பிரஷர் மிஷின் ஒன்று, பிரஷ் நாலு, தினக்கூலிக்கு வரும் பெயிண்டர் சுப்பையா அண்ணன்.

இந்த லட்சணத்தில்தான் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் பவித்ராவை எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். பவித்ராவுக்குச் சம்மதம். என் சம்மதத்தை யாரும் கேட்கத் தேவையே இல்லாதபடி முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. மாமாதான் இழுத்துக்கொண்டிருந்தார். மாசச் சம்பளத்தை விட்டவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்பது அவர் கவலை. பேரையூர் பக்கம் தோட்டத்தில் அவருக்கு ஒரு சின்ன வீடு உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பவித்ராவின் அண்ணன் ஆசைப்பட்டு அதைச் சுற்றி மரவேலியும், வாசலில் உட்கார்ந்து காபி குடிக்க மரத்தளமும் போட்டுக் கொடுத்திருந்தான். நாலு கோடையில் இரண்டும் வெளுத்துப்போயின.

“இதத்தான தொழிலுன்னு சொல்ற? வந்து அளந்து பாத்து ரேட்டச் சொல்லு மாப்ள. தொழில் தெரிஞ்சவனான்னு பாக்குறேன். மத்ததெல்லாம் அப்பறம் பேசுவோம்” என்றார் மாமா. மத்தது என்றால் கல்யாணம்.

எங்கள் பக்கம் சொந்தத்துக்குள் ரேட்டு பேசும் பழக்கம் கிடையாது. “ரேட்டெல்லாம் எதுக்கு மாமா, பாத்துக் குடுங்க” என்று தலையைச் சொறிய வேண்டும். அவர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து திட்ட வேண்டும். காலங்காலமாக நன்றாக நடந்துவரும் ஏற்பாடு அது. ஆனால் நான் நிர்வாக இயக்குநர் ஆயிற்றே! டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வேலி இருநூறு அடி நீளம், நாலடி உயரம். ஆக எண்ணூறு சதுர அடி. சாதாரண மடையன் இதோடு நிறுத்தியிருப்பான். நான் இன்னும் கூர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு பலகையும் நாலு அங்குல அகலம், அடுத்த பலகைக்கு முன்னால் இரண்டு அங்குல இடைவெளி. இடைவெளிக்குச் சாயம் அடிக்கப்போகிறோமா? இல்லை. அடிக்காத இடத்துக்கு வருங்கால மாமனாரிடம் காசு வாங்கலாமா? என் நேர்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது. மூன்றில் ஒரு பங்கைக் கழித்தேன். கை ஓயவில்லை, மரத்தளத்துப் பலகைகளுக்கு நடுவே இருந்த விரற்கடைச் சந்துகளையும் கூட்டிக் கழித்தேன். கடைசியில், ‘கழுவிச் சுத்தம் செய்வது இலவசம்’ என்று தடித்த எழுத்தில் டைப் அடித்தேன்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொட்டேஷனைப் படித்தார். ‘இடைவெளிக்கான கழிவு’ என்ற வரியில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

“எழுத்துல குடுத்துட்ட. பெறகு பேச்சு மாறக் கூடாது.”

“மாறுவனா மாமா?”

வேலை தொடங்கிய அன்று சுப்பையா அண்ணன் வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “தம்பி, வேலிக்கு அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கே, அது யாரு கணக்குல வருது?” என்றார்.

கொட்டேஷன் நகலை எடுத்துப் பார்த்தேன். யார் கணக்கிலும் வரவில்லை.

“பலகைக்கு ஓரமும் ரெண்டு இருக்கு. நீங்க கழிச்சீகளே சந்து, அதுக்குள்ள பிரஷ்ஷ விட்டுத்தான் அத அடிக்கணும். நானூறு பலகை, எண்ணூறு ஓரம். நீங்க கழிச்ச எடத்துலதான் தம்பி அம்புட்டு வேலையும் கெடக்கு!”

மாமாவிடம் போய் ரேட்டை மாற்றிக் கேட்கலாம். கேட்டால் பேச்சு மாறியவன். பேச்சு மாறியவனுக்குப் பவித்ரா இல்லை. வாயை மூடிக்கொண்டு மிஷினை ஓட்டினேன்.

முதலில் மரத்தளம். மகன் காபி குடிக்கப் போட்ட தளத்தில் மாமா ஒரு நாளும் காபி குடித்ததில்லை. இவ்வளவு நல்ல சமதளத்தை வீணாக்குவானேன் என்று நாலு வருடமாக மிளகாய் வற்றல் காயப்போட்டிருக்கிறார். அதன் விதையும் தூளும் எங்கே போயிருக்கும்? நான் கழித்த சந்துக்குள்தான். அங்கேதான் மிஷினை முழு வேகத்தில் பிடித்தேன்.

சிவப்பாக ஒரு சாரல் எழுந்தது. காற்று வீடு இருந்த பக்கமாக அடித்தது. (ஆடி மாதம்.) வாசலில் அத்தையும் பவித்ராவும் உட்கார்ந்திருந்தார்கள். கூடவே, பையனைப் பார்ப்பதற்கென்றே ஆனையூரிலிருந்து வந்திருந்த அத்தையின் அக்கா. இருமலும் தும்மலும் கிளம்பிய வேகத்தில் தோட்டத்து நாய் மூன்று நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பையனைப் பார்க்க வந்தவர் கண்ணைத் திறக்காமலே காரில் ஏற்றப்பட்டுப் பையனைப் பார்க்காமலே ஊருக்குப் போனார். அன்றைக்கு நான் பம்பு செட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். மிளகாய் நெடி என்று சுப்பையா அண்ணனிடம் சொன்னேன். அவரும் நம்புகிற மாதிரி தலையை ஆட்டினார்.

ஐந்து நாளில் முடிப்பதாக எழுதிக் கொடுத்த வேலை இருபத்திரண்டு நாள் இழுத்தது. ஓரம் ஓரமாக, சந்து சந்தாக அடித்தோம். அடித்த ஈரத்தில் புழுதி வந்து ஒட்ட, தேய்த்துவிட்டு மறுபடி அடித்தோம். சாயத்துக்கும் கூலிக்குமாக என் பைக்கை விற்றேன். கடைசி நாள் பேருந்தில்தான் போய் இறங்கினேன்.

மாமா வேலியைச் சுற்றி வந்தார். சந்துக்குள் விரலை விட்டுத் தடவினார். அந்தப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“நீ ஒரு பக்கத்த மட்டும் அளந்தது எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்ள.”

“பெறகு ஏன் மாமா சொல்லல?”

“தொழில் தெரிஞ்சவனான்னு பாக்குறேன்னேன். பாத்துட்டேன். தெரியல.”

பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்கத் தொடங்கினேன். வாசலிலிருந்து பவித்ராதான் கேட்டாள்: “அப்ப மத்தது என்னாச்சுப்பா?”

மாமா அவள் பக்கம் திரும்பினார். “வெறும் சந்துக்குத் தள்ளுபடி குடுக்குறவன் ஊர ஏமாத்த மாட்டான்த்தா. ஊருதான் இவன ஏமாத்தும். நீ கூடவே இருந்து பாத்துக்க.”

ஒரு தகப்பன் மகளை இப்படியும் தாரைவார்த்துக் கொடுக்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தை மாதம் கல்யாணம். அன்றிலிருந்து ரேட்டு போடுவது பவித்ரா. வேலியின் இரண்டு பக்கத்துக்கும் வாங்குவாள், ஓரத்துக்கும் வாங்குவாள், சந்து குறுகலாக இருந்தால் அதற்குத் தனியாக வாங்குவாள். தளத்தில் என்ன காயப்போட்டீர்கள் என்று முதலில் விசாரிப்பாள். தொழில் நன்றாக நடக்கிறது. அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

மாமாவும் இப்போது மரியாதையாகத்தான் பேசுகிறார். ஆனால் ஓட்டையுள்ள எந்தப் பொருளையும் அந்த வீட்டுக்குள் நான் நிம்மதியாகக் கொண்டுபோக முடியாது. உளுந்த வடைக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்பார். சல்லடைக்குக் கேட்பார். போன மாதம் அவருக்காக ஒரு கொசுவலை வாங்கிக்கொண்டு போனேன். விரித்து வெளிச்சத்தில் பிடித்து, மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார்.

“அம்புட்டும் சந்தாவுல்ல இருக்கு மாப்ள! கழிச்சுப் பாத்தா கடைக்காரன்ல உங்களுக்குக் காசு குடுத்துருக்கணும்?”