அன்புச் சகோதரிக்கு, இன்று பேருந்து வராது

பேருந்து என்பது ஆட்களை ஓரிடத்தில் ஏற்றி வேறோரிடத்தில் இறக்கிவிடும் வாகனம் என்றே அந்த நகரத்து மக்கள் வெகுகாலமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். போக்குவரத்துக் கழகமும் அந்த எண்ணத்தை மறுத்துப் பேசியதில்லை. ஆனால் பயணிகளின் மனக்குறைகளை ஆராய அமைக்கப்பட்ட உயர்மட்டக் குழு, காரில் வந்து, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து யோசித்து, காரிலேயே திரும்பிப் போய், கடைசியில் ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்தது. பயணிகளுக்குக் கோபம் வருவது பேருந்து வராததால் அல்ல. வராது என்று யாரும் அவர்களிடம் சொல்லாததால்தான்.

ஆகவே சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. அதுவும் பொத்தாம்பொதுவாக அல்ல. ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியாக, அவரவர் வயது, வேலை, உடம்பு நிலைமை எல்லாம் அறிந்து, அவரவர் கைப்பேசிக்கே. இதற்கென்று 'பயணியர் நல்லுறவு மற்றும் தனிநபர் அறிவிப்புப் பிரிவு' துவக்கப்பட்டது. ரிப்பன் வெட்டினார்கள். எல்லோரும் ஒரு விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் பன்னிரண்டாம் எண் பேருந்துக்காகத் தினமும் காலையில் நிற்கும் மருந்தாளர் அம்மாவும் நிரப்பி அனுப்பினாள். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் மருத்துவமனையில் மருந்து கவுண்டரில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க நின்றே மாத்திரை கொடுக்க வேண்டியிருப்பதால் கால் வலிக்கும் என்பதையும், பிறந்த தேதியையும் மறைக்காமல் எழுதியிருந்தாள். மறுவாரமே பதில் வந்தது.

'அன்புச் சகோதரிக்கு, இன்று உங்கள் பன்னிரண்டாம் எண் பேருந்து வராது. நேற்றும் கால் கடுக்க நின்றிருப்பீர்கள். நடந்து போகையில் நிழல் பக்கமாகவே போங்கள். என்றும் உங்கள் நினைவாகவே இருக்கும், போக்குவரத்துக் கழகம்.'

அவளுக்கு வந்த கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுடைய காலைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியாருக்கு முழங்காலைப் பற்றி வந்திருந்தது. பேங்க் வாட்ச்மேனுக்கு 'காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா?' என்று வந்திருந்தது. மூன்று பேரும் கைப்பேசியை மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டார்கள். அப்புறம் நிழல் பக்கமாக நடந்தார்கள்.

இப்படி உருக்கமாக எழுதுவதற்கு ஆள் வேண்டுமே! புதிதாக வேலைக்கு எடுக்கக் கழகத்துக்கு அனுமதி இல்லை. எனவே ஓட்டுநர்களுக்குக் கட்டுரைப் போட்டி ஒன்று வைத்திருந்தார்கள். முதலாவதாக வந்தவர் பன்னிரண்டாம் எண் பேருந்தின் ஓட்டுநர். ஊரில் அவருக்கு 'முறைப்பு' என்று பெயர். மார்க்கெட் வழியாகப் போகுமா என்று கேட்டால் கேட்டவரை ஒரு பார்வை பார்ப்பாரே தவிர, வாயைத் திறந்து பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அந்த மனுஷனுக்குள் இவ்வளவு ஈரம் இருந்திருக்கிறது என்று தேர்வுக் குழுவே கண்கலங்கியதாம்.

அவரை எழுத உட்காரவைத்ததும் பன்னிரண்டாம் எண் பேருந்து டிப்போவிலேயே நின்றது. அது நிற்பதை அதன் பயணிகள் அத்தனை பேருக்கும் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. வேலைப் பளு தாங்காமல் உதவிக்கு இன்னும் நாலைந்து ஓட்டுநர்களைக் கேட்டார். கொடுத்தார்கள். அவர்களுடைய பேருந்துகளும் நின்றன. அந்தப் பயணிகளுக்கும் எழுத வேண்டியதாயிற்று. பிரிவு நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து, சிறந்த சேவைக்கான விருதையும் வாங்கியது. மிச்சமிருந்த பேருந்துகளுக்கு வழித்தடங்களைச் சீரமைத்தார்கள். பன்னிரண்டாம் எண் ரத்தாகவில்லை, ஒன்பதாம் எண்ணின் வழித்தடத்தில் மனநிறைவுடன் ஐக்கியமாகிவிட்டது என்று விளக்கம் வந்தது. ஒன்பதாம் எண் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

மருந்தாளர் அம்மா தினமும் தாமதமாகப் போனாள். தலைமை மருந்தாளர் ஒரு கண்டிப்பான பெண்மணி. முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார், ஒருநாள் கூப்பிட்டே சொல்லிவிட்டார்.

"இன்னொரு நாள் லேட்டா வந்தீங்கன்னா, அதுக்கப்புறம் வரவே வேண்டாம்."

அவள் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். வெயில் காலத்தில் தொழில் ஓடும். மற்ற மாதங்களில் வீடு அவள் சம்பளத்தில்தான் நகர்ந்தது. விடுப்பு சொல்லிவிட்டு நேராகக் கழகத்தின் தலைமை அலுவலகத்துக்கு நடந்தாள். நல்லுறவுப் பிரிவின் துணை மேலாளர் எழுந்து நின்று வரவேற்று, கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"பஸ் வரலைங்க" என்றாள்.

"மெசேஜ் வந்துச்சா?"

"அது வந்துச்சு."

"என்ன போட்டிருந்தோம்?"

"பஸ் வராதுன்னு."

"வந்துச்சா?"

"வரலை."

"அப்போ சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கோம்" என்றார் துணை மேலாளர், சாந்தமாக. "முன்னெல்லாம் எட்டு மணிக்கு வரும்னு போர்டு வச்சிருந்தோம். என்னைக்காவது எட்டு மணிக்கு வந்திருக்கா? நீங்களே சொல்லுங்க. இப்ப ஒரு நாளாவது நாங்க சொன்னது தப்பியிருக்கா?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரியாகத்தான் பட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எனக்கு வேலை போயிடும் சார். எனக்குப் பஸ்தான் வேணும்."

துணை மேலாளர் முகம் வாடிப்போயிற்று. இருப்பது ஒரே ஒரு முறைப்பு என்றும், அவர் ஓட்டினால் எழுத முடியாது, எழுதினால் ஓட்ட முடியாது என்றும், எழுதிக்கொண்டே ஓட்டுவது பயணிகளின் பாதுகாப்பு விதிகளுக்கு முரணானது என்றும் எடுத்துரைத்தார். அவள் அசையவில்லை. அலுவலகம் பூட்டும் நேரம் வந்தும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டுமே! ஒரு பெருமூச்சு விட்டு, புகார் ஏற்கப்பட்டது என்று உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் பன்னிரண்டாம் எண் பேருந்து வந்தது. முறைப்பு முன்னைவிடப் பலமடங்கு முறைப்பாக ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். மருந்தாளர் அம்மா கவுண்டர் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னாலேயே போய் நின்றாள். தலைமை மருந்தாளர் கடிகாரத்தைப் பார்த்தார், தம் வேலையைப் பார்க்கப் போனார். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

ஆனால் நிறுத்தத்தில் யாருடைய கைப்பேசியும் சிணுங்கவில்லை. மறுநாளும் இல்லை. வாத்தியார் அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பேருந்தில் ஏறும்போது முறைப்பிடம் தம் முழங்கால் இப்போது தேவலை என்று சொல்லிப் பார்த்தார். "படியில நிக்காதீங்க" என்றார் முறைப்பு. எழுதியவரும் அவர்தான், ஓட்டுகிறவரும் அவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

வாட்ச்மேன்தான் மனம்விட்டுப் பேசினார். "சாப்டியான்னு என்னைக் கேட்டது இந்த உலகத்துல அது ஒண்ணுதாம்மா. அதையும் நிறுத்திட்டீங்க. இப்ப பஸ் வருது. ஏறுறேன், இறங்குறேன். அவ்வளவுதான்."

பேருந்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரும் மனு ஒன்று தயாராயிற்று. நிறுத்தத்தில் நின்ற எல்லோரும் கையெழுத்திட்டார்கள். அந்தப் பேருந்தில் என்றைக்கும் ஏறாதவர்களும் இட்டார்கள். ஆனால் விதி ஒன்று குறுக்கே நின்றது. ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் விடப்பட்ட பேருந்தை, அவரே புகாரை வாபஸ் வாங்கினாலொழிய நிறுத்த முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரும் வாட்ச்மேனும் மனுவோடு அவள் வீட்டுக்கு வந்தார்கள். தன் வேலை போய்விடும் என்று அவள் கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள். அவர்கள் வற்புறுத்தவில்லை. மனுவை மேஜைமேல் வைத்துவிட்டு, காப்பியைக்கூடத் தொடாமல் போனார்கள்.

அந்த வாரத்திலேயே அவளுடைய பிறந்தநாள் வந்தது. காலையில் வீட்டுக்காரர் ஒரு பழைய ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். நாள் முழுக்கப் பொறுத்திருந்துவிட்டு, சாயங்காலம் அவளே வெட்கத்தை விட்டுச் சொன்னாள்.

"அப்படியா? இன்னைக்கா?" என்றார் அவர். பிறகு, "அந்த ஸ்க்ரூடிரைவரை எடு" என்றார்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். கூடத்தில் வந்து உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தாள். பிரிவு மட்டும் தனக்கு எழுதிக்கொண்டிருந்தால் இன்றைக்கு என்ன எழுதியிருக்கும் என்று நினைத்ததுமே கண்ணில் நீர் முட்டியது. ஒரு போக்குவரத்துக் கழகத்துக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வேலை வேறு எங்காவது கிடைக்காதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை அவளே நம்பவில்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

கழகம் மக்களின் குரலுக்குச் செவிசாய்ப்பதில் ஒருபோதும் தாமதித்ததில்லை. மனு போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே நிறுத்தம் முழுக்கக் கிணுகிணு என்று கேட்டது.

'அன்புச் சகோதரிக்கு, உங்கள் கோரிக்கையை ஏற்று இன்றுமுதல் பேருந்து வராது. பிறந்தநாளில் எழுத முடியாமல் ஸ்டியரிங்கோடு கட்டிப்போடப்பட்டிருந்தோம், மன்னியுங்கள். தாமதமாகிவிட்டாலும் சொல்கிறோம்: நூறாண்டு வாழுங்கள். வேகமாக நடக்காதீர்கள், மூச்சு வாங்கும்.'

வாத்தியார் தமக்கு வந்ததை உரக்க வாசித்தார். வாட்ச்மேன் தான் சாப்பிட்டுவிட்ட விஷயத்தை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவளிடம் பழையபடி சிரித்துப் பேசினார்கள். அவள் வேகமாக நடக்கவில்லை.

மருத்துவமனைக்குப் போனபோது கவுண்டர் முன்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அவள் இடத்தில் தலைமை மருந்தாளரே நின்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தன் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன காரணம் சொல்லப்போறீங்க?"

அவள் கைப்பேசியை நீட்டினாள். தலைமை மருந்தாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நின்று நிதானமாக இன்னொரு தரமும் படித்தார். அந்த முகத்தில் இருந்த கண்டிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஏதோ ஒரு ஏக்கம் வந்து உட்கார்ந்தது. கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கவே அவருக்கு மனசு வரவில்லை.

"கொடுத்து வச்சவங்க நீங்க" என்றார் மெதுவாக. "எங்க ஏரியாவுல இன்னும் வெறும் பஸ்தான் வருது."