ஒரு மன்றத்தை மட்டும் அடிக்கவும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அத்தானுக்கும் வீட்டில் மற்ற எல்லோருக்கும் என் மரியாதைகள். நான் நலம், உடம்பைப் பொறுத்தவரை. உன் மகளும் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. இத்தோடு நல்ல செய்தி முடிந்தது. "உன் பேரை எடுத்தாலே பிள்ள கப்சிப்னு ஆயிடறா, அங்க என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று நேற்று போனில் கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. போனில் சொன்னால் நீ திட்டுவாய், நான் குறுக்கே பேசுவேன், உண்மை வெளியே வராது. அதனால் காகிதம்.

இந்த விடுதிப் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மன்றங்கள் கூடும். பேச்சு, நாடகம், இசை, சதுரங்கம், நீச்சல், தையல், தோட்டம், புகைப்படம் என்று எட்டு. முன்னூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளை எட்டாகப் பிரிக்க ஆசிரியர்கள் ஒரு வாரம் காகிதக் கட்டோடு மல்லுக்கட்டுவார்களாம். நான் இங்கே புதிதாக வந்தவன்தான். ஆனால் கணினி ஆய்வகத்தையே கையில் வைத்திருக்கிறவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? "கொடுங்க, அரை மணி நேரத்துல முடிச்சுத் தரேன்" என்று வாங்கிக்கொண்டேன். எட்டுப் பெயர், எட்டுக் கட்டம் என்று படிவம் ஒன்று தயாரித்தேன். மேலே "ஒரு மன்றத்தை மட்டும் டிக் அடிக்கவும்" என்று போட்டேன். கடைசிச் சொல் இரண்டாம் வரிக்கு இறங்கி அநாதையாக நின்றது. பார்க்க அசிங்கம். 'டிக்'கைத் தூக்கிவிட்டேன். "ஒரு மன்றத்தை மட்டும் அடிக்கவும்." ஒரே வரி.

அச்சுக்குப் போகுமுன் தமிழ் ஆசிரியை வாங்கிப் பார்த்தார். தமிழம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "தம்பி, அடிக்கவும்னா எப்படி அடிக்கிறது?" என்றார். "பேனாவாலதாம்மா. கம்பெடுத்தா அடிப்பாங்க?" என்றேன். ஆசிரியர் அறையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "இல்ல தம்பி, போன வருஷம் வரைக்கும் இங்க..." என்று ஆரம்பித்தார். போன வருஷக் கதை கேட்க எனக்கு ஏது நேரம்? எழுந்து வந்துவிட்டேன்.

போன வருஷம் வரைக்கும் இங்கே என்ன வழக்கம் தெரியுமா? தனக்கு வேண்டாத ஒரே ஒரு மன்றத்தைப் பிள்ளைகள் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். மிச்சம் ஏழில் எதில் போட்டாலும் போய்விடுவார்கள். ஆகவே இந்த வருஷமும் சமர்த்தாக ஸ்கேல் வைத்து, தாங்கள் அறவே வெறுப்பதை அடித்துக் கொடுத்தார்கள். தாள்களை ஸ்கேன் செய்து பிரிக்க நான் எழுதிய கணினி நிரலுக்கு டிக்கும் தெரியாது, கோடும் தெரியாது. கட்டத்தில் பேனா பட்டிருந்தால் அதுதான் விருப்பம். ஒரு தாளையாவது நான் கண்ணால் பார்த்தேனா என்று கேட்காதே. பார்க்காமல் இருக்கத்தானே நிரல் எழுதினேன்? எல்லோருக்கும் உலகத்திலேயே பிடிக்காததைப் பொறுக்கியெடுத்துக் கொடுத்துவிட்டு, "அனைவருக்கும் முதல் விருப்பம்: நூறு சதவீதம்" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அதுவும் கலரில்.

மூன்று வாரம் நடந்தது, அக்கா. இசை மன்றம் பாட ஆரம்பித்ததும் சமையற்காரர் அடுப்படி ஜன்னலைச் சாத்திக்கொண்டார். சதுரங்கத்தில் ஒரு நிமிஷம் உட்காராத வாண்டுகள் நாற்பது பேர். இரண்டாம் வாரமே ராணிகளைக் காணோம். நாடகத்தில் அத்தனை பேரும் கூச்சப்படுகிறவர்கள். பதினெட்டு மரம், ஒரு ராஜா. அந்த ராஜாவும் தன்னை மரமாக்கச் சொல்லி அழுதான். மாற்றிக் கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் "நீயே அடிச்சதுதானே? போ" என்றேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'அவசரம் சார்'. இப்போதுதான் தெரியும்.

இனி உன் மகள். இந்த வருஷம்தான், என்னை நம்பி இங்கே சேர்த்தாய். அவளுக்கு வந்தது பேச்சு மன்றம். அவளுக்கு வாய் திக்கும் என்பது நிரலுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முதல் கூட்டம் முடிந்ததும் ஆய்வகத்துக்கு ஓடிவந்தாள். "மா... மாமா, பே... பேச்சு மன்றத்துலேர்ந்து எ... என்னை மா... மாத்..." "மாத்த முடியாது. அக்கா பொண்ணுக்கு ஒரு சட்டம், ஊராருக்கு ஒரு சட்டமா? போய்ப் படி." மறுநாளும் வந்தாள். 'மாத்' என்றதும் கதவைக் காட்டினேன். மூன்றாம் நாள் வந்து நின்றாள், ஒரு எழுத்துக்கூட வெளியே வரவில்லை. "சொல்லித் தொலையேன்!" என்று கத்தினேன். ஆறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதோடு என்னிடம் பேச்சு நின்றது.

போன திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் தமிழம்மா அந்தப் படிவக் கட்டை மேஜையில் வைத்து, "கொஞ்சம் பாருங்க தம்பி" என்றார். மேல் தாளில் நீச்சலுக்கு மூன்று கோடு, பக்கத்தில் "ப்ளீஸ்" என்று எழுதியிருந்தது. தலைமையாசிரியர், "சார், உங்க நூறு சதவீதம் கரெக்ட்தான் போல" என்றார். தமிழம்மா என்னைக் குத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் மேஜை ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து முதல் வேலையாக உன் மகளைத் தோட்ட மன்றத்துக்கு மாற்றினேன். செடியோடு யாரும் பேச வேண்டியதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் சொன்னதும் கண் கலங்கிவிட்டாள், நிம்மதி போலிருக்கிறது. ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை மன்ற விழாவுக்கு நீ லீவு போட்டு அலைய வேண்டாம், அவள் மேடை ஏறப்போவதில்லை. அவளைத் திட்டியதற்கு உன் காலில் விழ வேண்டும். நேரில் வந்து விழுகிறேன். உங்கள் எல்லோருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், என்னால் வந்ததைத் தவிர.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே இருப்பதை நம்பாதே. உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உன் மகள் வந்து, என் மேஜையில் கிடந்த படிவக் கட்டுக்குள்ளிருந்து தன் தாளை உருவி என் முன்னால் வைத்தாள். பேச்சு மன்றத்தின் மேல் இவ்வளவு பெரிய டிக். புதிதாகச் சேர்ந்தவளுக்கு இங்கத்திய பழைய வழக்கம் எப்படித் தெரியும்? அவளாகத்தான் கேட்டிருக்கிறாள். முதல் நாளே அந்த மன்றத்து ஆசிரியர் பாவம் பார்த்து, "உன் மாமாகிட்டச் சொல்லி வேற மன்றத்துக்கு மாத்திடலாம்மா" என்றாராம். அதைத் தடுக்கத்தான் ஓடிவந்திருக்கிறாள். இன்று என் வாயை நானே கையால் பொத்திக்கொண்டு முழுசாகக் கேட்டேன்: "என்னை மா... மாத்... மாத்திடாதீங்க, மாமா." அந்தக் கடைசித் துண்டு வரும்வரை இருக்க எனக்குப் பத்து வினாடி இல்லாமல் போயிற்று, அக்கா.

பெயரைப் பேச்சு மன்றத்தில் திரும்ப எழுதிவிட்டேன். நம் பக்கம் வரும் பள்ளி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை கட்டாயம் வா. முதல் வரிசையில் நீ உட்கார வேண்டுமாம். நான் கடைசியில்தானாம், கடிகாரத்தைப் பார்ப்பேனாம். என்ன தலைப்பு என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். பேனாவை மூடிவைக்கிறேன்.