அகழியில் கொஞ்சம் தண்ணீர்

எனக்குப் பொய் சொல்ல வராது. வராது என்பதை மறந்துபோய்ச் சொல்லிவிடுவேன், அதுதான் வினை. இருபத்திரண்டு வயதில் நான் சொன்ன ஒரு பொய்க்கு மதில் இருந்தது, வாசல் இருந்தது, அந்த வாசலுக்குப் பூட்டும் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டுக் காங்கேயத்தில் வீட்டோடு இருந்தேன். கோயமுத்தூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு பிரஸ்ஸில் புரூஃப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று தகவல் வந்தது. அப்பாவுக்கு இஷ்டமில்லை. நான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததில் (அம்மா ரகசியமாக இட்லி கொடுத்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்) கொஞ்சம் இறங்கி வந்தார். "ஒருக்கா போயிட்டு வா கண்ணு. கெடைக்கலீன்னா அப்பறம் வேலைன்னு பேசப்படாது" என்றார். மாப்பிள்ளையின் ஜாதகம் ஏற்கெனவே அலமாரிக்கு வந்து சேர்ந்திருந்தது.

துணைக்கு வருகிறேன் என்ற அப்பாவையும் தடுத்துவிட்டேன். கோயமுத்தூர் எனக்கு அத்துப்படி என்றேன். (அத்துப்படியாவது. தீபாவளித் துணி எடுக்க, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒப்பணக்கார வீதிக்கு நான்கு தடவை வந்திருக்கிறேன்.)

விலாசத்தில் தெருப் பெயரோ கதவு எண்ணோ கிடையாது. 'கோட்டைக்குள் வந்து காதர் பாய் பிரஸ் என்று கேட்கவும்' என்று மட்டும் எழுதியிருந்தது. டவுன்ஹாலில் இறங்கி, மணிக்கூண்டைத் தாண்டி, அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன். பாடப்புத்தகத்தில் செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவளாயிற்றே, மதில் தெரிய வேண்டாமா?

தெரிந்ததெல்லாம் அத்தர் கடை, இரும்புக் கடை, சந்துக்குச் சந்து சைக்கிள். கோட்டை எங்கே என்று பூக்காரம்மாவிடம் கேட்டேன். இதுதான் என்றார். வெற்றிலைக் கடைக்காரரோ, "கோட்டைக்குள்ளதானுங்க நிக்கறீங்க அம்மணி" என்றார். பட்டிக்காட்டுப் பெண் என்று கேலி செய்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பிரஸ் எங்கே என்று கேட்டிருக்கலாம். ஆனால் கோட்டைக்குள் போன பிறகுதானே அதைக் கேட்க வேண்டும்? இந்த வைராக்கியத்தோடு ஒரு மணி நேரம் சுற்றி, ஒரே பள்ளிவாசலை மூன்று தடவை கடந்தேன். கடைசியில் அதற்கு எதிர்ச்சந்தில் பிரஸ்ஸின் பலகை தானாகக் கண்ணில் பட்டது.

காதர் பாய்க்கு முப்பது வயதிருக்கும். பக்கத்தில் கம்பாசிட்டர் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு வரச்சொன்னோமே, வழி சிரமமாகப் போய்விட்டதா என்று பாய் விசாரித்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"இல்லீங்க, அப்பவே வந்துட்டேன். கோட்டையச் சுத்திப் பாத்ததுல நேரம் போனதே தெரியலீங்க."

கம்பாசிட்டரின் கை நின்றது. பாய் முகத்தில் சிரிப்பே இல்லை.

"அப்படீங்களா. எந்தப் பக்கமுங்க பாத்தீங்க?"

"மேக்காலப் பக்கமுங்க. மதிலு நல்ல உசரம்."

"உள்ள போனீங்களா?"

"வாசல் பூட்டியிருந்துச்சுங்க."

"அகழியில தண்ணி கெடந்துச்சுங்களா?"

யோசித்தேன். கோடைக்காலம். "கொஞ்சமாத்தானுங்க" என்றேன், பொறுப்பாக.

கம்பாசிட்டர் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார். (கொங்கு மரியாதை. முகத்துக்கு நேரே சிரிக்க மாட்டார்கள்.) பாய் மெதுவாகச் சொன்னார்: "திப்பு காலத்துலயே இடிச்சுப்போட்டாங்க அம்மணி. இருநூறு வருசமாப் பேரு மட்டுந்தானுங்க இருக்குது."

காது இரண்டும் சுட்டது. அலமாரி ஜாதகம் கண்முன்னே வந்து நின்றது. வேலை எப்படியும் போய்விட்டது என்றானதும் எங்கிருந்தோ கோபம் வந்தது.

"ஏனுங்க, இல்லாத கோட்டைய விலாசத்துல போட்டா வெளியூர்க்காரங்க என்னதாங்க பண்ணுவாங்க? உங்க பத்திரிகையப் பாத்துக் கல்யாணத்துக்கு வாரவங்களும் இப்படித்தான மதிலத் தேடிட்டு நிப்பாங்க?"

பாய் மேஜை மேலிருந்த பத்திரிகை ஒன்றை எடுத்துப் பார்த்தார். மண்டபத்தின் பெயர், அதன் கீழே 'கோட்டை, கோவை', அவ்வளவுதான். போன மாதம் பவானியிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் முகூர்த்தத்தை விட்டுவிட்டுப் பந்திக்குத்தான் வந்து சேர்ந்தார்களாம். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். அந்த மண்டபம் பள்ளிவாசலை அடுத்து இருக்கிறது, வழியை எழுதுங்கள் என்றார்.

எழுதினேன். மணிக்கூண்டிலிருந்து தெற்கே எத்தனை சந்து, வெற்றிலைக் கடையில் எந்தப் பக்கம் திரும்புவது, எந்த முக்கில் திரும்பக்கூடாது என்பது வரை எழுதினேன். மூன்று தடவை சுற்றியவளுக்கு இதுகூடத் தெரியாதா? பாய் இரண்டு தடவை படித்துவிட்டு, "திங்கக்கெழம வந்துருங்க" என்றார். கொங்கு நாட்டில் பத்திரிகையின் பின்பக்கம் முதன்முதலில் வழி போட்டவள் நானே என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன் (யாரும் சரிபார்க்கவில்லை).

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், தண்ணீர் உட்பட. அப்பா சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபம் என்றுதான் நினைத்தேன், அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் என்னை நிறுத்தினார்.

"கோட்டைக்குள்ள வேலையாமா கண்ணு? மதிலு பனைமர உசரம்னு உங்கப்பா ரெண்டு நாளா ஒருத்தரையும் விடாமச் சொல்லிட்டு இருக்காரு. தண்ணி மட்டும் கொஞ்சம் கம்மியாமா?"

அப்பா அதைக் கடைசிவரை திருத்தவில்லை. இன்றும் காங்கேயத்துச் சொந்தக்காரர்கள் கோயமுத்தூர் வந்தால் கோட்டையைக் காட்டச் சொல்கிறார்கள். பள்ளிவாசல் வரை கூட்டிப்போய், இன்றைக்கு வாசல் பூட்டியிருக்கிறது என்று சொல்லி, பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.