பதினோராவது அன்னாசித் துண்டு

ஒரு வயதுப் பிள்ளை இடுப்பில் இருக்கும்போதே வயிற்றில் இன்னொன்று வந்துவிட்டால், ஊர் அதைச் சந்தோஷச் செய்தியாக எடுப்பதில்லை, குற்றமாகத்தான் எடுக்கிறது. அதிலும் குற்றவாளி ஒருத்திதான். கூட்டாளியை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. இது தெரிந்துதான் நான் பொய் சொன்னேன். மூன்று மாதம், முழுப் பொய். இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை. இன்னும் கெட்டித்தனமாகச் சொல்லியிருக்கலாம் என்றுதான் வருத்தம்.

பொய்க்குக் காரணம் வீட்டிலிருந்தே படித்த என் வெளிவாரிப் பட்டத்தின் கடைசிப் பரீட்சை. முந்திய வருடம் அதை எழுத வேண்டிய நேரத்தில் மூத்தவள் தாரணி வயிற்றில் இருந்தாள். "புள்ளத்தாச்சி பஸ்ஸில அலையக் கூடா" என்று அம்மா என் அனுமதி அட்டையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நானும் அழுதுவிட்டுச் சும்மா இருந்தேன். (அப்போது நான் நல்ல பிள்ளை.) இந்த முறையும் தவறினால் என் பதிவு காலாவதியாகிவிடும். நாலு வருடப் படிப்பு அவ்வளவும் வீண். பரீட்சை நடக்கும் ஐந்து நாளும் தாரணியைப் பார்த்துக்கொள்ள அம்மா சம்மதித்திருந்தார். நான் மறுபடியும் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்தால் அந்தச் சம்மதமும் அலுமாரிக்குள் போய்விடும்.

ஆகவே விஷயம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கிளினிக் மிஸ், அங்குள்ள தாதி. மற்றவர் என் கணவர். அப்போது மாங்கேணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார், சனி ஞாயிறுதான் எங்கள் ஊர் குருக்கள்மடத்துக்கு வருவார். தாரணியைக் கிளினிக்குக்கு நிறுக்கக் கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டு, நானும் ஏறி நிறுத்துக்கொண்டு வந்தேன். வயிறு தெரியத் தொடங்கியதும் தாரணியை இடுப்பிலிருந்து முன்பக்கம் மாற்றிக்கொண்டேன். வெளியில் இருக்கும் பிள்ளையை வைத்து உள்ளே இருக்கும் பிள்ளையை மறைத்த ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது தாரணிக்குக் காது குத்தினோம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம், மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். ஆகவே விசேஷம் என் வீட்டில். என்ன நடந்தாலும் கோபித்துக்கொண்டு எழும்பிப் போக எனக்கு வேறு இடமும் இல்லை.

காது குத்தி, அழுகை ஓய்ந்து, பெண்கள் எல்லாரும் ஹோலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். தாரணி எழும்பி நடுவில் போய் நின்றாள். இரண்டு காலையும் அகட்டினாள். குனிந்து, தலையை நிலத்தில் வைத்து, கால்களுக்கு நடுவால் பின்னே பார்த்தாள்.

பிள்ளை அப்படிக் குனிந்து பார்த்தால் அடுத்த பிள்ளை வருகிற வழியைப் பார்க்கிறது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. இரத்தப் பரிசோதனை பொய்த்தாலும் பொய்க்கும், இது பொய்க்காது.

"ஆரம்மா தேடுறாய்?" என்று மாமி, என் கணவரின் அம்மா, பேத்தியிடம் கேட்டார். கண் மட்டும் என் வயிற்றில் இருந்தது.

"தம்பியத்தான் தேடுறாள்" என்றார் மச்சாள். இவர் என் கணவரின் அக்கா. ஊரில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று வீட்டுக்காரருக்கு முன்னமே அறிகிறவர்.

"சும்மா விளையாடுறாள் மச்சாள்" என்று சிரித்தேன். சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

மச்சாள் குசினிக்குப் போனார். ஒரு பீங்கான் நிறைய அன்னாசி வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். பிள்ளைத்தாச்சி அன்னாசியைத் தொடக் கூடாது, தொட்டால் கரு கலைந்துவிடும் என்று எங்கள் வீடுகளில் கட்டளையே உண்டு.

"சாப்பிடுங்க மச்சாள். ஒண்டும் இல்லைத்தானே?" (அவருக்கு நானும் மச்சாள்தான்.)

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்னாசியால் ஒன்றும் ஆகாது என்று கிளினிக் மிஸ் எனக்குச் சொல்லியிருந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். இரண்டாவது. மூன்றாவதில் மாமி, "சே, நாமதான் சும்மா கதைச்ச" என்று வெற்றிலையை எடுத்தார். அங்கேயே வென்றுவிட்டேன். புத்தியுள்ளவள் நிறுத்தியிருப்பாள். நானோ மச்சாளின் முகம் வாடுவதை ரசித்துக்கொண்டு, துண்டு துண்டாக, பத்து வரைக்கும் போனேன்.

பதினோராவதைக் கடிக்கும்போது என் கணவர் முற்றத்தில் ஆண்களுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஐயோ துப்பு, துப்பு! வயித்தில புள்ளைய வெச்சிக்கு அன்னாசி திங்கிறயா?"

பாய்ந்து வந்து பீங்கானைப் பறித்தார். விஞ்ஞான ஆசிரியர். பதினொரு வருடச் சேவை.

முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்திவிட்டார்கள். அவருக்குத் தான் சொன்னது அப்போதுதான் விளங்கியது. பீங்கானைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மச்சாள் முகத்தில் விளக்கேற்றியது போல இருந்தது.

"எத்தினை மாசம்?" என்றார் அம்மா.

"நாலு."

"அப்ப இந்தமுறையும் சோதினை இல்ல." அம்மா சொன்ன விதத்தில் கோபம்கூட இல்லை. முடிந்துபோன காரியம் போலச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்னாசியைத் துப்பவில்லை. மென்று விழுங்கினேன். பிறகு எழும்பினேன்.

"சோதினைக்குப் போவன். நான் எழுதப்போறது கையால, வயித்தால இல்ல. புள்ளத்தாச்சி எண்டா படுத்துக்கிடக்கிற வருத்தக்காரியா? இவள ஆரும் பாக்காட்டி இடுப்பில வெச்சிட்டுப் போவன். ஏலுமெண்டா மறிச்சிப் பாருங்க."

அப்படி நான் அந்த வீட்டில் அதுவரை கதைத்ததில்லை. அழுகை வந்தது. அழக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன், பல் முழுக்க அன்னாசி நார்.

மாமி வெற்றிலையை மென்று முடித்தார். அவர் என் அம்மாவின் பக்கம் சேர்ந்து என்னை அமர்த்துவார் என்று நினைத்தேன். அவர் மகனைப் பார்த்தார்.

"மகன், நீ லீவு போடு."

"நானா? பள்ளிக்கூடம்..."

"புள்ள ரெண்டும் உன்டதானே? அவள் போய் எழுதட்டும். மூத்ததை நீ பாரு."

என் கணவர் ஐந்து நாள் லீவு போட்டார். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே ஒரு வேப்பமரத்தின் கீழ் தாரணி, பால் போத்தல், மாற்றுடுப்புப் பை சகிதம் உட்கார்ந்திருந்தார். போகிற வருகிற பெண்கள் எல்லாரும் "தாய் இல்லாத புள்ளையா தம்பி?" என்று விசாரித்தார்களாம். இரண்டாம் நாள் தாரணிக்கு வயிற்றோட்டம். கடைசி வினாவை எழுதும்போது யன்னலால் அவரைப் பார்த்தேன். தன் சேர்ட்டைக் கழற்றிப் பிள்ளைக்குச் சுற்றிவிட்டு பெனியனோடு நின்றார். எழும்பிப் போகலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. போகவில்லை. மேலதிகத் தாள் கேட்டு வாங்கினேன்.

சித்தியடைந்தேன். சின்னவனும் மூன்று கிலோவுக்குக் குறையாமல் பிறந்தான்.

ஆனால் அந்த ஐந்து நாளில் தாரணி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இப்போது அவளுக்கு ஏழு வயது. தலை வாருவதற்கும், விழுந்து முழங்கால் சிராய்த்தால் ஊதுவதற்கும், சோற்றில் மீன்முள் எடுப்பதற்கும் "அப்பா" என்றுதான் கூப்பிடுகிறாள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அம்மா தவறாமல் சொல்வார்: "எங்கட மகள் பட்டத்த எடுத்தாள், மருமகன் புள்ளைய எடுத்திட்டார்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே தாரணி "அப்பா" என்று கூப்பிடுவாள், அவர் எழும்பிப் போவார். அவளைத் திருத்துகிற எண்ணம் எனக்கு இதுவரை வரவில்லை.