நூற்றுப் பதினேழாம் எண் கெண்டை

கோஹூ,
மூன்றாம் மாதம், இருபத்தைந்தாம் நாள்

அன்புள்ள மச்சான் மிங்-ஜேவுக்கு,

அத்தான் ஜின்-ஷுய் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா யுவே-ஷியாவும் குளத்து மீன்களும் சுகம். அங்கே கீலுங் மழையில் உன் முழங்கால், உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், உன் வீட்டு மாடியில் தங்கிப் படிக்கிற என் மகள் பெய்-ருங், எல்லாரும் குறைவில்லாமல் இருக்க மாஸூ அம்மன் பார்த்துக்கொள்வாளாக.

மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டில் உட்கார்ந்து, என் குளத்து மீனைத் தின்றுகொண்டே, "அத்தான், மீன் வளக்கிற வீட்டுப் பொண்ணு மீன் வளர்ப்பே படிக்கட்டும், கூடவே நீர்வாழ் உயிரியலும் சொல்லித் தர்றாங்க, நாளைக்கு உங்க குளத்துக்கே டாக்டரா வருவா" என்று சொன்னது யார்? நீதான். வந்தாள் டாக்டர். முதல் விடுமுறையில் கண்ணாடிக் குழாயைக் குளத்தில் முக்கி எடுத்து, "அப்பா, தண்ணியில பிராணவாயு பத்தல" என்றாள். மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால் எனக்கே தெரியாதா, அதற்கு நாலு வருஷப் படிப்பா? அடுத்த விடுமுறை புத்தாண்டுக்கு வந்தது. மறுநாள் வரை முழுசாக இருந்தால்தான் வருஷம் பூரா வீட்டில் மிச்சம் இருக்கும் என்று உன் அக்கா தட்டில் பத்திரமாக வைத்திருந்த மீனின் தலையைப் பிளந்து, காதுக்குள் இருந்த கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இதுக்கு ரெண்டு வயசும்மா, நீங்க ஒரு வயசுன்னு வித்துட்டிருக்கீங்க" என்றாள். உன் அக்கா பண்டிகை முடியும்வரை அழுதாள். அந்த வருஷம் மிச்சம் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இந்தக் கடைசி வருஷ ஆய்வைத்தான் பொறுக்க முடியவில்லை. என் அண்ணன் ஜின்-தே நம் கோவில் கருணைச் சங்கத்துக்குத் தலைவர், உனக்குத் தெரியும். மாசத்தில் இரண்டு நாள் பக்தர்கள் சங்கத்தில் காசு கட்டி வாளி வாளியாக ஜிலேபிக் கெண்டையை வாங்கி, ஆற்றில் விட்டுப் புண்ணியம் தேடிக்கொள்கிறார்கள். ஆயிரம் பேர் கும்பிடுகிற இடம் அது. அங்கே போய் உன் மருமகள், "விட்ட மீன் எத்தனை பிழைக்குதுன்னு கணக்கெடுக்கணும் பெரியப்பா" என்று நின்றாள். அண்ணனும் பெரிய மனசோடு சரி என்றார். முந்நூறு மீனுக்கு முதுகில் ஊசியால் எண் போட்ட சிவப்பு இழையைக் கோர்த்தாள். ஏன் சிவப்பு? பல்கலைக்கழகத்தில் வேறு நிறம் தீர்ந்துபோயிற்றாம்.

இப்போது கேள். முந்தாநாள் அம்மன் பிறந்தநாள். சங்கத்தார் உன் அக்கா கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்கள். இவள் குனிந்து பார்த்து, கூட்டத்துக்கு நடுவில், "ஏங்க, இந்த மீனுக்குச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கு, நூத்திப் பதினேழுன்னு போட்டிருக்கு, நம்ம பெய்-ருங் எழுத்து மாதிரியே இருக்கே" என்று கத்தினாள். மகள் அங்கேயே நோட்டைப் பிரித்தாள். நூற்றுப் பதினேழு முதல் மாதம் விடுதலை அடைந்திருக்கிறது, இரண்டாம் மாதமும் அடைந்திருக்கிறது, இது மூன்றாவது தடவை. எந்தத் துறவிக்கும் வாய்க்காத பாக்கியம் அது. மீனைக் கையாண்டவர்கள் சிவப்பு இழையைப் பார்த்து, பக்தர்கள் நேர்ந்து கட்டிய கோவில் கயிறு, அவிழ்த்தால் பாவம் என்று பயந்து அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தப் பயபக்தியை நீ பாராட்ட வேண்டும்.

அண்ணன் கொஞ்சமும் கலங்கவில்லை. "விடுதலை கொடுத்த கையைத் தேடி நன்றியோட திரும்பி வருது, இது அம்மனோட அற்புதம்" என்றார். பாதிக் கூட்டம் கைகூப்பியது. உன் மருமகள் மட்டும், "பெரியப்பா, நன்றியோட வர்ற மீன் லாரித் தொட்டியில ஏறியா வரும்? பாதி மீன் மறுநாளே செத்து மிதக்குது, மீதி எப்படி வாளிக்கு வந்துச்சு?" என்றாள். பெரியவரை எல்லார் முன்னாலும் இப்படியா கேட்பது?

அண்ணன் சன்னிதியில் மண்டியிட்டு, இந்த ஆய்வை நிறுத்தட்டுமா என்று குறி பார்க்கிற பிறைக் கட்டைகளைப் போட்டுக் கேட்டார். இரண்டும் தட்டைப் பக்கம் மேலாக விழுந்தன. அப்படி விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள், பதில் சொல்லவில்லை என்றுதான் நாம் எல்லாரும் படித்தது. மூன்று தடவை போட்டார், மூன்று தடவையும் சிரித்தாள். சந்தோஷமாக இருக்கிறாள், அதனால் சம்மதம் என்று அண்ணன் விளக்கினார்.

ஆகவே மச்சான், நீ செய்ய வேண்டியது இதுதான். மகள் கோபத்தில் நோட்டை இங்கேயே போட்டுவிட்டு ரயிலேறிவிட்டாள். அந்த நோட்டு கைதவறிக் குளத்தில் விழுந்துவிட்டது, எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. அதை அவளிடம் பக்குவமாகச் சொல். இறால் தீவனம், பாசி என்று யாருக்கும் வலிக்காத தலைப்பாக ஒன்றை எடுத்து எழுதச் சொல். ஒரு வருஷம் பின்தங்கினால் பரவாயில்லை. குளம் அண்ணன் பேரில் இருக்கிறது. பெற்றவன் சோற்றில் மண் போடுவதற்கா பிள்ளையைப் படிக்க வைத்தது?

உனக்கும் உன் குடும்பத்துக்கும் நீண்ட ஆயுளும் காய்ந்த துணியும் கிடைக்கட்டும். கருணைச் சங்கத் தலைவரும் தன் ஆசிகளைச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அத்தான்
வெங் ஜின்-ஷுய்

பி.கு.: மேலே உள்ளதை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது எழுதினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார், "நல்லா எழுதியிருக்கடா, இன்னைக்கே போட்ரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இனி எழுதுவது நான்.

நோட்டு குளத்தில் விழவில்லை. தீவனப் பையைக் கத்தரித்துச் சுற்றி இந்தப் பார்சலுக்குள்தான் வைத்திருக்கிறேன். நேற்று முழுக்க உட்கார்ந்து படித்தேன். திரும்பி வந்த மீன் அறுபத்தொன்று. தேதி, எண், நீளம், இடம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. கடைசிக் கட்டம் 'பிடித்தவர்'. அறுபத்தொரு வரியிலும் அது காலி. அந்தக் கட்டம் நிரம்பாமல் ஆய்வைக் கையில் வாங்க மாட்டேன் என்று பேராசிரியர் இரண்டு தடவை எழுதிய சீட்டும் உள்ளே இருந்தது.

மகளுக்குத் தெரியும், மச்சான். முதல் மாதம் எல்லாரும் கோவிலில் விரத நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மதகுக்குக் கீழே நான் இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நின்றேன். கையில் சிவப்பு இழை போட்ட மீன். நிமிர்ந்தால் கரைமேல் அவள். "அப்பா, சாப்பாடு ஆறிடும், வாங்க" என்றாள். அவ்வளவுதான். வலை அண்ணன் கொடுத்தது, லாரி அண்ணனுடையது. ஒன்பது வருஷமாகக் கை என்னுடையது. வெட்கமாக இருக்கிறது.

'தெரியவில்லை' என்று எழுத அவள் படிப்பு விடவில்லை, என் பெயரை எழுத அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் அறுபத்தொரு கட்டத்திலும் நானே பேனாவால் என் பெயரை எழுதிவிட்டேன். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். நல்ல தாளில் திருத்தமாக எழுதிக்கொள்ளட்டும், பெயரை மட்டும் மாற்ற வேண்டாம் என்று சொல்.