இடமிருந்து இரண்டாவது கூரை

ஸ்ரீரங்கம்,
பிலவ வருஷம், சித்திரை 28

மதுரை வக்கீல் ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை காத்தமுத்து அவர்களுக்கு மாமனார் அழகர்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே கூரை நீங்கலாக அனைவரும் சௌக்கியம். ரங்கநாயகி வேளைக்குச் சாப்பிடுகிறாள், சாயங்காலம் சற்று நடக்கிறாள். பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருப்பதாக நர்ஸ் ரோசம்மாள் நேற்றுச் சொல்லிவிட்டுப் போனார். வளைகாப்பன்று தங்கள் தாயார் அத்தனை பேர் நடுவில், "பிள்ளை பெறப் போற அறையில ஒரு சொட்டு ஒழுகக் கூடாது சம்பந்தி, சொல்லிட்டேன்" என்றதும், நான் நெஞ்சில் கை வைத்து, "அதுக்கு நான் பொறுப்புங்க" என்றதும் தங்களுக்கு நினைவிருக்கும். அந்த விஷயமாகத்தான் இந்தக் கடிதம்.

பொன்மலைப் பட்டறை ஸ்டோரில் முப்பத்தோரு வருஷம் ஒரு திருகாணி தொலையாமல் பார்த்துக்கொண்டவன் நான். கோடை வேலைகளையும் அப்படியே பங்குனியில் ஜாபிதா போட்டு ஆரம்பித்தேன். கிணறு தூர் எடுத்தாயிற்று, உள்ளே சுண்ணாம்பு அடித்தாயிற்று, வாசல் அடைக்கக் கீற்றுப் பந்தல் போட்டாயிற்று, கட்டிலை வெயிலில் போட்டு மூட்டைப்பூச்சி தட்டியாயிற்று. பாக்கி ஓடு மாற்றுவது ஒன்றுதான். வினை அங்கேதான் வந்தது. நம் வரிசையில் நான்கு வீடுகள் பொதுச் சுவரும் ஒரே கூரையுமாக ஒட்டிக்கொண்டிருப்பதைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். தெருவில் நின்று பார்த்தால் இடமிருந்து இரண்டாவது நம் வீடு. மூன்றாவது, வாழைக்காய் மண்டி தர்மராஜ் வீடு. நான்கு வருஷத்துக்கு முன் அந்த மனிதர் காலண்டர் மாட்டுகிறேன் என்று பொதுச் சுவரில் ஆணி அடிக்க, அது இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, என் தகப்பனார் படம் விழுந்து நொறுங்கிற்று. அன்றோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஆகையால் ஓட்டு வேலைக்கு வந்த அம்மாசியிடம், "அந்த வீட்டுக்காரன்கிட்ட நீ எதையும் கேக்க வேண்டாம், சந்தேகம்னா இதைப் பாரு" என்று ஒரு பிளான் வரைந்து கொடுத்தேன். மூன்று பிரதி. நான்கு கூரை போட்டு, இடமிருந்து இரண்டாவதில் சிவப்பு மசியால் பெருக்கல் குறி. வாசலைப் பந்தல் அடைத்துக்கொண்டிருந்ததால் அம்மாசியும் அவன் மனைவி வீராயியும் கொல்லைச் சந்தில் ஏணி வைத்து ஏறினார்கள்.

சாமான்களைச் சாக்குப் போட்டு மூடி, அறைகளைப் பூட்டிவிட்டு, இரண்டு நாள் நாங்கள் மூவரும் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தோம். மேலே சதா தட்டுகிற சத்தம், ஓடு சரிகிற சத்தம். பொழுது சாய்ந்து உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு சிட்டிகை தூசி இல்லை. "இவனல்லவோ வேலைக்காரன்!" என்றேன். தங்கள் அத்தை வள்ளிக்கண்ணுவுக்குத்தான் எதிலும் திருப்தி கிடையாதே. "ஓட்டைப் பிரிச்சா தூசி விழாம இருக்குமா? ஏங்க, ஒரு எட்டு கொல்லைப் பக்கம் போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள். "பிளான் குடுத்திருக்கேன், அப்புறம் என்னத்தப் பாக்குறது?" என்று அடக்கிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அம்மாசி வேலை முடிந்தது என்றான். பிரசவ அறையில் போய் அண்ணாந்து பார்க்கிறேன், பழைய ஒட்டடை அப்படியே தொங்குகிறது. உடைந்த ஓட்டின் வழியாக வெயில், கட்டில் போட வேண்டிய இடத்தில், எட்டணா அகலத்துக்கு வழக்கம்போல் விழுந்திருக்கிறது.

"ஏம்ப்பா, எந்த வீட்டை மாத்தினே?" என்றேன். "நீங்க எழுதிக் குடுத்த வீடுதாங்க. இடப் பக்கத்துலேருந்து ரெண்டாவது" என்று பிளானை நீட்டினான். சந்தில் போய் நின்று பார்த்தேன். மாப்பிள்ளை, சந்தில் நின்று பார்த்தால் இடமிருந்து இரண்டாவது தர்மராஜ் வீடு! பிளானில் பிழை இல்லை. ஏணி வைத்த இடம் பிழை. "அந்த வீட்டுல ஒண்ணும் கேக்கலையா?" என்றதற்கு, "கேட்டாருங்களே. 'அழகர்சாமி அண்ணனா அனுப்பிச்சாரு?'ன்னு ரெண்டு தடவை கேட்டாருங்க. ஆமாங்கன்னேன். அப்புறம் அவர் பேசவே இல்லீங்க" என்றான் அம்மாசி. "அந்தம்மா ரெண்டு வேளையும் மோர் குடுத்தாங்க" என்றாள் வீராயி.

கேட்டீர்களா அக்கிரமத்தை! எல்லாம் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் மனைவி அமிர்தம் கொடுத்த மோர் ஒன்று போதாதா சாட்சிக்கு? அம்மாசியோ லால்குடியில் வேறு வேலை ஒப்புக்கொண்டிருக்கிறானாம், அடுத்த வெள்ளிக்கிழமைதான் வருவானாம். "போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்கிறாள் தங்கள் அத்தை. நானாவது, அந்த வாசற்படியை மிதிக்கிறதாவது! ஆகையால் தங்கள் வக்கீல் ஐயாவிடம் சொல்லி ஒரு நோட்டீஸ் அனுப்ப ஏற்பாடு செய்யவும். மேற்படி தர்மராஜ் தன் கூரையிலுள்ள என் ஓடுகளை ஏழு நாளில் கழற்றி என் கூரையில் வேய்ந்து கொடுக்க வேண்டியது. பிளானில் ஒரு பிரதி இத்துடன் இணைத்திருக்கிறேன்.

தாங்கள் இப்போது வர வேண்டாம். வீடு இருக்கிற லட்சணத்தில் மாப்பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? கவலையும் வேண்டாம். அக்கினி நட்சத்திரம் இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது, வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. தாயாருக்கு என் நமஸ்காரம். கூரைச் சமாசாரம் மட்டும் அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவும். தாங்கள் நோய்நொடி இல்லாமல், ஒழுகாத வீட்டில் நூறு வயது வாழ அரங்கன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
அழகர்சாமி

பின்குறிப்பு (சித்திரை 30): கடிதத்துக்கு இரண்டு நகல் எடுத்துவிட்டுத் தபாலில் சேர்க்கலாம் என்று வைத்திருந்தேன். நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்து, காற்றும் மழையும் பிய்த்து உதறிவிட்டன. பந்தல் சரிந்தது. அதே நேரத்தில் ரங்கநாயகிக்கு வலி கண்டுவிட்டது. அறையில் ஏழு இடத்தில் ஒழுகல். அண்டா, வாளி, போணி எல்லாம் வைத்தும் கட்டில் போட இடமில்லை. ரோசம்மாள் குடையும் கையுமாக, "இங்க வச்சு என்னால முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணே! என்ன அங்க பண்ணிக்கிட்டிருக்கீங்க? பொண்ணை இங்க கூட்டிட்டு வாங்க!" என்று சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் தர்மராஜ் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் அவளைத் தாங்கிக்கொண்டு கொல்லை வழியாக அந்த வாசற்படியை மிதித்தோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். பிள்ளை பெற்ற அறையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று தங்கள் தாயாரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

பிற்பாடு அவரிடம், "ஓட்டைப் பிரிக்கிறப்பவே சொல்லியிருக்கலாமே, தர்மராஜ்" என்றேன். "எப்படிண்ணே சொல்றது? நாலு வருஷக் கோபத்தையும் விட்டுட்டு நீங்களே ஆள் விட்டு எங்க கூரையை மாத்திக் குடுக்கிறீங்க. அமிர்தம் அழுதுட்டா. எனக்கும் பேச்சு வரல" என்றார். மாப்பிள்ளை, நான் மறுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நோட்டீஸ் வேண்டவே வேண்டாம். ஏணி மாறிய கதையைத் தர்மராஜிடம் தாங்களும் சொல்லிவிட வேண்டாம்.

பதினாறு நாள் கழியும்வரை ரங்கநாயகியை அனுப்ப மாட்டேன் என்று அவர் மனைவி அமிர்தம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாங்கள் இதைக் கண்டதும் புறப்பட்டு வரவும். சரிந்த பந்தல் இரண்டு வீட்டு வாசலையும் அடைத்துக் கிடப்பதால் கொல்லைச் சந்து வழியாக வாருங்கள். பிளானைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் குறி போட்ட வீடு, இடமிருந்து இரண்டாவது. உங்கள் மகள் அங்கேதான் தூங்குகிறாள்.