பெட்டிக்குப் பசிக்கிறது

மரியாதைக்குரிய மாமாவுக்கு, அக்கா மகள் அன்போடு எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும், அத்தையும் இப்போது உங்களை மாடிப்படி ஏற விடுவார்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியம். என்ன மாதிரிச் சௌக்கியம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

போன வாரம் அம்மாவிடம் போனில், "அக்கா, உம்பொண்ணு என்னமோ கண்டுபிடிச்சிருக்காளாமே, தெரு பூரா சொல்லிட்டேன்" என்றீர்களாம். மாமா, தயவுசெய்து சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கண்டுபிடித்தது ஒரு பெட்டி. எங்கள் கல்லூரி விடுதியில் மிஞ்சும் சோற்றை அதில் போட்டால் உரமாகும், உரத்தில் கீரை முளைக்கும், கீரை மறுபடி விடுதிச் சமையலறைக்கே வரும். நம் சாப்பாடு நம் வாசலிலேயே விளையும் என்று பேராசிரியர் மேடை மேடையாகப் பேசினார். இது தேறினால்தான் எனக்குப் பட்டம். நம் வீட்டில் முதல் பட்டம் என்பதால் நான் வாய் திறக்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

தலையாட்டியதன் பலன், பெட்டி பேச வேண்டும் என்று எங்கள் குழுத் தலைவன் முடிவு செய்தான். காலியாக இருந்தால் "எனக்குப் பசிக்கிறது", எதையாவது போட்டால் "நன்றி, இன்னும் கொஞ்சம்". "உன் குரல்தான் நல்லா பாவமா இருக்கு" என்று என் குரலையே பதிவு செய்து பெட்டிக்குள் வைத்துவிட்டான். வருகைப்பதிவுக்குக்கூட முணுமுணுக்கிற நான், இப்போது சாப்பாட்டுக் கூடத்தில் நாள் முழுக்கப் பசி பசி என்று கதறிக்கொண்டிருக்கிறேன். கதறியும் பயனில்லை. எங்கள் விடுதியில் எதுவுமே மிஞ்சுவதில்லை, மாமா. பெட்டி செய்யும் முன் யாரும் ஒரு தட்டையாவது எட்டிப் பார்த்திருக்கலாம். பேராசிரியர் சமையல் அக்காவிடம் போய், கொஞ்சம் மிஞ்சுகிற மாதிரி சமைக்க முடியுமா என்று கேட்டார். "சார், என் சமையல் பிடிக்கலன்னா நேராத் திட்டிட்டுப் போங்க" என்று அவர் கரண்டியைப் போட்டுவிட்டார். அப்புறம் சமாதானமாகி, பிள்ளைகள் மிச்சம் வைக்கட்டும் என்று உப்பை அள்ளிப் போட்டார். பிள்ளைகள் அதையும் வழித்துத் தின்றுவிட்டு, ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். கடைசியில் தலைவன் என்னிடம் வந்து, "நீயாவது பாதித் தட்டை விடேன், உன் மார்க்தானே" என்றான். அன்றிலிருந்து பாதிச் சோறு எனக்கு, பாதி என் குரலுக்கு. கொட்டும்போது அம்மா பக்கத்தில் நிற்பதுபோல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

நேற்று கண்டுபிடிப்புப் போட்டியின் நடுவர்கள் மூன்று பேர் பெட்டியைப் பார்க்க வந்தார்கள். அன்று பார்த்துப் பசி தாங்காமல் தட்டு முழுவதையும் நானே தின்றிருந்தேன். நடுவரம்மா குனிந்து பார்த்ததும் பெட்டி, "எனக்குப் பசிக்கிறது" என்றது. "அந்தப் பொண்ணுக்கு மறுபடியும் பசிக்குதாம், பாவம்" என்று சமையல் அக்கா ஆவி பறக்க ஒரு தட்டுச் சோற்றை என் கையில் கொண்டுவந்து வைத்தார். பேராசிரியர் அதைச் சிரித்த முகமாக வாங்கி அப்படியே பெட்டிக்குள் கவிழ்த்தார். "நன்றி, இன்னும் கொஞ்சம்" என்றது பெட்டி. "ஒரு பருக்கைகூட வீணாகல பாருங்க" என்று நடுவரம்மா நெகிழ்ந்துபோனார். இதுவரை முளைத்த நாலு கீரைத் தண்டை வதக்கி அவர்களுக்குப் பரிமாறினோம். மூன்று பேருமே ஓரமாக ஒதுக்கி வைத்தார்கள். எங்கள் விடுதியில் உண்மையாக மிஞ்சிய முதல் உணவு அதுதான்.

இதற்கெல்லாம் மதிப்பெண் வாங்க எனக்கு மனம் வரவில்லை. நாளை பேராசிரியரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லப் போகிறேன். பட்டம் போனால் போகட்டும். தெருவில் மட்டும் வாயைக் கட்டுங்கள். அத்தைக்கு என் வணக்கம், சின்னதுகளுக்கு முத்தம். என்னை மனதார ஆசீர்வதியுங்கள்.

உங்கள் அக்கா மகள்

பி.கு.: உறையை ஒட்டும் முன் பேராசிரியர் கூப்பிட்டார். உள்ளே போய் வாயைத் திறந்தேன். "முதல் பரிசும்மா! உனக்கு முழு மார்க் போட்டாச்சு. இன்னும் பத்து விடுதிக்குப் பெட்டி கேட்டிருக்காங்க. ஆமா, என்னமோ சொல்ல வந்தியே?" என்றார். "நன்றி சார்" என்பதுதான் வந்தது. ஆகையால் மாமா, தெருவில் தாராளமாகச் சொல்லுங்கள், கண்டுபிடித்தது நான்தான். பத்து விடுதியிலும் பசிக்குதுன்னு கத்துறது யாரு பொண்ணுன்னு கேட்டா மட்டும், தெரியாதுன்னு சொல்லிடுங்க.